நெட்வொர்க்கை விட்டு விலகிய ஊர்

கீழவாரிக்கரை என்கிற உப்பள ஊர், சம்மேளனத்தின் நெட்வொர்க்கை விட்டு விலகிய திங்கட்கிழமை காலையில், உலகத்தை விட்டும் விலகிப்போயிற்று. இடி இடிக்கவில்லை, பூமி பிளக்கவில்லை, பாத்திகளில் உப்பு எப்போதும் போலப் பூத்துக்கொண்டிருந்தது, டீக்கடை மாசானம் எப்போதும் போலப் பாலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் மெயின் ரோட்டில் வந்த காலை பஸ், ஊருக்குப் பிரியும் விலக்கில் நிற்காமல், அங்கே ஒரு ஊர் இருந்த நினைவே இல்லாத முகத்தோடு கடந்து போனது, கண்டக்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து வெறும் உடைமரக்காட்டைக் கண்டவர் போலக் கொட்டாவி விட்டார்.

ஊரை நெட்வொர்க்கிலிருந்து விலக்கிய விரல் கோயில்பிச்சையுடையது. உப்புத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் அவர். கூலிக்காகவும், நிழலுக்காகவும், குடிதண்ணீருக்காகவும், கடைசியில் நிலத்துக்காகவும் ஜெயிலுக்குப் போனவர். பள்ளிக்கூடம் ஒதுக்கிய எழுத்தைத் துண்டறிக்கைகளில் படித்துக்கொண்டவர். சாமி இல்லை என்று தெருத் தெருவாகப் பேசிவிட்டு, கோயில்பிச்சை என்ற பெயரை மட்டும், அதை மாற்றச் சொன்னவர்கள் எல்லாம் மேல்சட்டை போட்ட பெரிய மனிதர்களாக இருந்ததனாலேயே, மாற்றாமல் வைத்திருந்தவர். ஊர் சேர்ந்து போராடி வாங்கிய உப்பளத்தில் ஊர் சேர்ந்து உப்பு வாரியது. ஆனால் உப்பு ஏற்றிய லாரி ஒன்று வெளியேற வேண்டுமென்றால் சங்கத்துக் கம்ப்யூட்டர் சீட்டுக் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டர் திறக்க வேண்டுமென்றால் எல்லாச் சங்கங்களுக்கும் மேலே நகரத்திலிருக்கிற சம்மேளனத்தின் பெரிய கம்ப்யூட்டர் சரி என்று தலையாட்ட வேண்டும். சங்கத்துக் கதவைத் திறக்க ஒரு சாவி போதும். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்க நகரத்தில் யாரோ ஒருவர் தூங்கி எழுந்திருக்க வேண்டும்.

இதையும் கோயில்பிச்சை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஏழைகளுக்காகப் பேச வந்தவர்கள் ஏழைகளுக்குப் பதிலாகப் பேச ஆரம்பிப்பதை அவர் வாழ்நாளில் பல முறை பார்த்திருக்கிறார். ஆனால் அந்தச் சம்மேளனம், கீழவாரிக்கரையின் அளத்தை ஒரு ரசாயனக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்று முடிவெடுத்தபோது, சங்கம் தன் மறுப்பை எழுதிக் கம்ப்யூட்டர் வழியாக எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பப் பார்த்தது. 'இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது பெட்டி. மறுபடியும் அனுப்பினார்கள். மறுபடியும் அதையே சொன்னது, அதே மரியாதையோடு.

"விலக்கிரு ராஜகிளி," என்றார் கோயில்பிச்சை.

ராஜகிளி சங்கத்தின் செயலாளர். பகலில் பாதி நேரம் உப்பு வாருவாள், மீதி நேரம் கம்ப்யூட்டரில் உட்காருவாள், இரண்டு நேரமும் வாய் ஓயாது.

"விலக்கினா இது நம்ம பெட்டி ஆயிரும், சரிதான் மாமா. ஆனா அப்புறம் சம்மேளனம் குடுத்த பாஸ்வேர்டு செல்லாது. பெட்டிக்குன்னு சொந்தமா ஒரு பாஸ்வேர்டு இருக்கும். அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"ஏட்டி, நம்ம பெட்டிக்குள்ள நாம போக என்னட்டி பாஸ்வேர்டு?"

"அதைப் பெட்டிகிட்ட சொல்லுங்க."

அவர் அவள் கையை நகர்த்திவிட்டுத் தானே அழுத்தினார். திரையில் நெட்வொர்க் செட்டிங் மாறியது, பெட்டி தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி விழித்தது, விழித்ததும் யார் நீ என்று கேட்டது. ராஜகிளி தெரிந்ததை எல்லாம் தட்டிப் பார்த்தாள். ஒன்றையும் அது ஏற்கவில்லை. வெறும் கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. காலை பஸ் நிற்காமல் போனது அந்த நேரத்தில்தான்.

ஊருக்கு இது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேலையாக டவுனுக்குக் கிளம்பித் தெற்கு வரப்பு வழியாக வெளியேறினவர், அதே சட்டை அதே பையோடு வடக்கு வரப்பு வழியாக உள்ளே வந்து, எதிரே உட்கார்ந்திருந்த மாசானத்திடம், "வே, இப்பத்தானே உம்மகிட்ட சொல்லிட்டுப் போனேன்?" என்றார். "போயிட்டு வந்துட்டீரு," என்றார் மாசானம், "டீ குடியும்." நிலத்தை அளக்கக் கம்பெனி ஜீப் வந்தது. ஊருக்குள் இருந்தவர்கள் நிலத்தைக் காக்கக் கம்பும் உப்பு வாரும் பலகையுமாகத் திரண்டு நின்றார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, அவர்கள் மூக்குக்கு முன்னால் நின்று, காகிதத்தையும் உடைமரங்களையும் மாறி மாறிப் பார்த்து, டிரைவரைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போனார். சிரித்துச் சிரித்து ஊருக்கு வயிறு வலித்தது.

அதன் பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, புதுச் செருப்புக்குக் கால் பழகுவது போல. கரண்ட்டு மீட்டர் பார்க்க யாரும் வரவில்லை, ஆனால் கரண்ட்டு வந்தது. போலீஸ் வரவில்லை. ஊர் விலகியதற்கு முந்தின நாள் ஓட்டுக் கேட்க வந்து, பேச்சு நீண்டுபோனதால் ஊரிலேயே படுத்துவிட்ட கட்சிக்காரர் ஒருவர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார். சும்மா உட்கார்ந்தவருக்குச் சோறு போட ஊரில் வழக்கம் இல்லாததால் அவர் கையில் ஒரு கூடையைக் கொடுத்தார்கள், உப்புச் சுமந்து உள்ளங்கால் வெடித்த பிறகு அவர் பேச்சு வெகுவாகச் சுருங்கி, கேட்கும்படியாகவும் ஆகிவிட்டது. ஆடுகள் மட்டும் எப்போதும் போலப் போய் வந்தன, ஆடுகள் எந்த நெட்வொர்க்கிலும் சேர்ந்ததில்லை. ஓர் ஆட்டின் கழுத்தில் செய்தி எழுதிக் கட்டி அனுப்பினார்கள். வெளியே ஆட்டைப் பிடித்தவர் காகிதத்தை விரித்து இரண்டு பக்கமும் பார்த்து, எழுத்தில்லாத வெறுங்காகிதம் என்று அதில் வெற்றிலை மடித்துக்கொண்டார். அந்தியில் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, சினிமா பார்ப்பது போல மெயின் ரோட்டைப் பார்த்தார்கள். தெரிந்த முகம் பஸ்ஸில் போனால் கையசைத்தார்கள். அந்த முகம் இவர்களைத் துளைத்துக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது.

கோயில்பிச்சையும் அந்தியில் போனார், ஆனால் வரப்பில் உட்காரவில்லை. விலக்கு வரைக்கும் நடந்தார். அவர் மனைவி சிவனணைஞ்சாள் கண்புரை ஆபரேஷனுக்காக நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஊர் விலகியபோது அவள் வெளியே இருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும், வெட்டவெளியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரோடு சண்டை போட்டு இறங்கி, கறுப்புக் கண்ணாடியும் வயர்கூடையுமாக ரோட்டோரம் நின்றாள். அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கும்.

"நான் இங்கதாம்ட்டி நிக்கேன்," என்று அவர் கத்தினார். மேடையில் மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்ட குரல் அது. அவள் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்த அசைவுகூட இல்லை.

சைக்கிளில் போன ஒருவரை அவள் நிறுத்தினாள். "ஐயா, இங்க ஒரு ஊரு இருந்துச்சுல்லா?"

"இது பொட்டக்காடும்மா. கண்ணு ஆபரேஷனா? கண்ணாடியக் கழட்டாம வீட்டுல இருக்கக்கூடாதா?"

"கண்ணு நல்லாத்தான்யா இருக்கு. ஊரைத்தான் காணோம்," என்றாள் அவள். திரும்பும் பஸ் வரும்வரை நின்றுவிட்டு, நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைக்கவில்லை, வெறுங்காட்டைப் பார்த்து, "எங்க போயித் தொலைஞ்சாலும் வந்துதான ஆகணும்," என்று பல்லைக் கடித்தாள். கோயில்பிச்சை ரோட்டைத் தாண்டக் காலை வைத்தார். அந்தக் கால் ஊருக்குப் பின்னால், கழிமுகத்துச் சேற்றில் போய் ஊன்றியது.

அலைபேசிகள் எல்லாம் செத்துக் கிடந்தபோது, சங்கத்தில் இருந்த பழைய டெலிபோன் அடித்தது. ஊரைச் சுற்றி எல்லாம் அறுந்திருக்க, சம்மேளனத்தின் கம்பி ஒன்று மட்டும் அறுபடவில்லை. மேலே இருக்கிறவர்கள் எதை அறுத்தாலும் உத்தரவு வருகிற கம்பியை அறுப்பதில்லை.

"தோழர்!" என்றது பொதுச்செயலாளரின் குரல், உருகிய வெல்லம் போல. "உங்கள் சங்கம் எங்கள் திரையில் தெரியவில்லையே. சிறு தவறு நடந்துவிட்டது போலிருக்கிறது. கவலை வேண்டாம். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், இங்கிருந்தபடியே ஒரு நிமிடத்தில் உங்களைச் சேர்த்துக்கொள்வோம்."

"எதுக்குச் சரின்னு சொல்லணும்?"

"எல்லாவற்றுக்கும்தான். குத்தகைத் தீர்மானமும் அதில் அடக்கம். ஒற்றுமை முக்கியம் அல்லவா தோழர்? குடும்பத்தார் எல்லாரும் சுகமா? வீட்டம்மா ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்."

கோயில்பிச்சைக்குக் காது சுட்டது. ஒரு வார்த்தை சொன்னால் இன்று சாயங்காலமே சிவனணைஞ்சாள் தெருவில் நடந்து வந்து, கூடையை இறக்கி வைத்து, அவரைத் திட்டத் தொடங்குவாள். பக்கத்தில் ராஜகிளி நின்றிருந்தாள்.

"நாங்க பட்டினி கிடந்து வாங்கின மண்ணு, தோழர்," என்றார். "நீங்க திரையில தேடுங்க." ரிசீவரை வைத்தார். வைத்ததும் கண் விலக்குப் பக்கம் போனது. அதை அவள் பார்த்துவிடாமல் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

ராஜகிளி பார்த்துவிட்டாள். பார்த்ததைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டாள். "மாமா, இந்தப் பெட்டி சம்மேளனத்துல சேருறதுக்கு முன்னாடி, வந்த அன்னைக்கு, யாரு இதை முதல்ல திறந்தா? அன்னைக்கு வச்ச பாஸ்வேர்டுதான் இப்ப இது கேக்குது. பெட்டி திறந்தா ஊரும் திறக்கும்னு தோணுது."

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, வந்ததும் முகம் இறுகியது. கீழவாரிக்கரையில் ஒரு வழக்கம் உண்டு: பொதுச் சொத்து எதையும் ஒருத்தர் கை மட்டும் பூட்டக்கூடாது, ஒருத்தர் கை மட்டும் திறக்கக்கூடாது. சங்கத்துப் பெட்டகத்துக்கு மூன்று பூட்டு, மூன்று வீட்டில் சாவி. கம்ப்யூட்டர் வந்த அன்று, கொண்டுவந்த பையன் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னதும், ஊர் அதையும் பூட்டாகவே நினைத்தது. மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, மற்ற இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, ஆளுக்கு ஒரு துண்டைத் தட்டினார்கள். ஒரு துண்டு கோயில்பிச்சையுடையது. ஒரு துண்டு டீக்கடை மாசானத்துடையது.

"மூணாவது?" என்றாள் ராஜகிளி.

அந்தப் பெயரை அவர் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஊரில் யாருமே சொல்வதில்லை, 'அவன்' என்பார்கள். நிலத்துக்கான பெரிய வேலைநிறுத்தத்தில், ஊரே உலை வைக்காமல் கிடந்தபோது, பக்கத்துக் கம்பெனி அளத்துக்குப் போய் உப்பு வாரியவன் தவசிக்கனி. அதற்கு முன்னால் கோயில்பிச்சையோடு ஒரே விலங்கில் கோர்ட்டுக்குப் போனவன், கம்ப்யூட்டர் வந்த அன்று தன் துண்டைத் தட்டியவனும் அவன்தான். வேலைநிறுத்தம் ஜெயித்த மறுநாள், அவனோடு பேச்சு இல்லை, அவனுக்குக் கடையில் டீ இல்லை, கூட்டத்தில் இடம் இல்லை என்று தீர்மானம் கொண்டுவந்தவர் கோயில்பிச்சைதான். அதற்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. இப்போது ஊர் விலகிவிட்டதால் கம்பெனி அளத்துக்குப் போக வழியில்லாமல், அவன் வாய்க்காலில் மீன் பிடித்துச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

நடுப்பகலில், ஊர் பார்க்க, கோயில்பிச்சை அவன் வாசலுக்குப் போனார்.

"தவசி."

உள்ளேயிருந்து தவசிக்கனி எட்டிப் பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "யாரு? பேரு சொன்ன மாதிரி இருந்துச்சே. இந்த ஊருல எனக்குப் பேரு இருக்கா?"

"கிண்டல் பேசாதல. பெட்டிக்கு உன் துண்டு வேணும்."

"துண்டா? டீக்கடையில எனக்கு ஒரு கிளாசு கிடையாது. பாஸ்வேர்டுல மட்டும் பங்கா?"

"நீ செஞ்சது துரோகம். அதை இன்னைக்கும் சொல்லுவேன். நான் மன்னிப்புக் கேக்கவும் வரல, உன்னை மன்னிக்கவும் வரல."

"பின்ன எதுக்குல வந்த?"

"கேக்க வந்தேன். கேட்டுட்டேன்."

தவசிக்கனி சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் ஆயிற்று. "நான் எதுக்குப் போனேன்னு அன்னைக்கு ஒருத்தனும் கேக்கல. நானும் சொல்லல. இனியும் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு. இந்தப் பெட்டியத் திறக்கணுமா வேண்டாமான்னு கூட்டம் போடுங்க. அதுல என் கையும் கணக்குல வரணும்."

"வந்தா?"

"உனக்கு எதிராத்தான் தூக்குவேன்."

கோயில்பிச்சை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தூக்கு," என்றார். "தனக்கு வேண்டிய கையை மட்டும் எண்ணுறதுக்குச் சம்மேளனம் இருக்கு. இது சங்கம்."

உப்பு அம்பாரங்களுக்கு நடுவே கூட்டம் கூடியது. தவசிக்கனி கடைசியில், யாரும் பக்கத்தில் உட்காராத இடத்தில் உட்கார்ந்தான். முணுமுணுப்பு எழுந்தது. "அவன் கையையும் எண்ணணும்னு நான் சொல்லுதேன், பிடிக்காதவன் என் கையைக் கழிச்சுக்கோ," என்று கோயில்பிச்சை சொன்னதும் அடங்கியது.

மாசானம் முதலில் எழுந்தார். "வே, நான் திறக்கவேண்டாம்னுதான் சொல்லுவேன். இந்த ஊரை யாரும் கண்டுக்கிட்டதே இல்ல. அப்போ கண்டுக்கிடல, இப்போ காண முடியல. என்ன வித்தியாசம்? இப்போ தொந்தரவு இல்ல. கம்பெனிக்காரன் மூக்குக்கு முன்னால நிலம் இருக்கு, அவனால பாக்க முடியல. இதைவிடப் பெரிய வேலி எவன் போடுவான்?"

"சீனி தீந்துபோச்சுன்னு உப்புத்தண்ணியில டீ போடுற உமக்குத் தொந்தரவு இல்ல பெரியப்பா," என்றாள் ராஜகிளி. "குடிக்கிற எங்களுக்கு இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மாசானம் சொன்னது பலருக்குப் பிடித்திருந்தது, கோயில்பிச்சைக்கு அது தெரிந்தது. வாழ்க்கை முழுக்க யாராவது துரத்திக்கொண்டே இருந்த சனங்கள், துரத்துகிறவனின் கண் தெரியாமல் போன ஒரு சில நாளை எப்படி விட்டுக்கொடுப்பார்கள்?

அவர் எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாசானம் சொல்லுறது சுகமா இருக்கு. சுகமா இருக்கறதாலேயே எனக்குப் பயமா இருக்கு. நிலம் கண்ணுக்குத் தெரியாததால எடுக்காமப் போனானுவன்னா, அது நாம ஜெயிச்சது இல்ல. நிலத்தைப் பாக்கணும், அதுல நிக்கிற நம்மளைப் பாக்கணும், பாத்துட்டு எடுக்க முடியாமப் போகணும். ஒளிஞ்சு கிடக்கவா அடி வாங்கினோம்? ஒளியுறதுன்னா அன்னைக்கே ஒளிஞ்சிருக்கலாமே. அப்புறம், ஒண்ணை மறைக்கல. எம் பொண்டாட்டி ரோட்டுல நிக்கா. அவளுக்காகவும்தான் கேக்கேன். அது தப்புன்னா தப்புன்னு சொல்லி எதிர்த்துத் தூக்குங்க."

திறக்க வேண்டும் என்றவர்கள் கை தூக்கினார்கள். வெளியே படிக்கப்போன பிள்ளைகளின் தாய்மார்கள் இரண்டு கையையும் தூக்க, ராஜகிளி ஒன்றை இறக்கச் சொன்னாள். வேண்டாம் என்றவர்களும் தூக்கினார்கள். மாசானம் தூக்கினார். கடைசியில் உட்கார்ந்திருந்த தவசிக்கனி எழுந்து நின்று, தன் கையை, சொன்னபடியே, கோயில்பிச்சைக்கு எதிராக நீட்டி உயர்த்தினான். பல வருஷமாக உயராத கை, வேண்டிய நேரத்துக்கு மேலும் உயர்ந்தே நின்றது. ராஜகிளி அதையும் எண்ணினாள். எண்ணியும், திறக்க வேண்டும் என்ற பக்கமே கூடுதலாக இருந்தது.

இப்போது எல்லாரும் தோற்ற இரண்டு பேரைப் பார்த்தார்கள். மாசானம் தலையைச் சொறிந்தார். தவசிக்கனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "என்ன பாக்கிய? தீர்மானம் ஆயிடுச்சுல்லா," என்று சங்கத்தை நோக்கி நடந்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் கோயில்பிச்சை முதலில் உட்கார்ந்தார், மற்ற இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பிறகு மாசானம். பிறகு தவசிக்கனி. ராஜகிளி கடைசிப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி மறுத்தது.

வாசலில் நின்ற கூட்டம் ஒரே ஆளாகத் தவசிக்கனியின் பக்கம் திரும்பியது. "எனக்குத் தெரியும்," என்று யாரோ சொன்னார்கள். கோயில்பிச்சையின் கண்ணும் அவன் மேல்தான் இருந்தது.

"என்னைப் பாக்காதல," என்றான் தவசிக்கனி. "அன்னைக்கு நீ முதல்ல உக்காரல. நான் முதல்ல, மாசானம் ரெண்டாவது, நீ கடைசி. தலைவன் கடைசியிலதான் நிக்கணும்னு நீதான் சொன்ன. இன்னைக்கு ஓடிவந்து முதல்ல உக்காந்துட்ட."

கோயில்பிச்சை போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். சுண்ணாம்பு உரிந்த அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் அவர் வெகுநேரம் பார்த்தார். தவசிக்கனி தட்டினான். மாசானம் தட்டினார். அவர் கடைசியாக உட்கார்ந்து, தன் துண்டைத் தட்டினார்.

பெட்டி திறந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. வெளியே, செத்துக் கிடந்த அலைபேசிகள் எல்லாம் ஒன்றாகச் சிணுங்கின. ராஜகிளி யாருடைய அனுமதியையும் கேட்காத அந்தத் திரையில், சங்கத்தின் சொந்தப் பெயரில், மறுப்பை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினாள். சாயங்கால பஸ், யாரும் கேட்காமலேயே, விலக்கில் வந்து நின்றது.

சிவனணைஞ்சாள் இறங்கினாள். தெருவையும் அம்பாரங்களையும் அவரையும் பார்த்தாள். "எங்க போயிருந்திய எல்லாரும்?" என்றாள், கடைக்குப் போய் நேரங்கழித்து வந்தவரைக் கேட்பது போல.

"எங்கயும் போகல. இங்கதாம்ட்டி நின்னோம்," என்றார். கூடையை வாங்கிக்கொண்டார்.

பஸ் நகர்ந்ததும் பின்னால் ஜீப் தெரிந்தது. ஊர் தெரியத் தொடங்கினால் ஊரை எடுக்க வருகிறவர்களுக்கும் தெரியத்தானே செய்யும். அளக்கிற சங்கிலியோடு அதிகாரி இறங்கினார், அவருக்குப் பின்னால் போலீஸ் வேனும் வந்து நின்றது. "யாருய்யா இங்க தலைவரு?" என்றார்.

கோயில்பிச்சை கூடையோடு வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றான். "தலைவர் பின்னால வாராரு," என்றான். "அதுக்குள்ள நீங்க வண்டியைத் திருப்புங்க. இது சங்கத்து மண்ணு. அளக்க விடமாட்டோம்."

சிவனணைஞ்சாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "அது தவசியில்லா? அவன் எப்ப நம்ம பக்கம் வந்தான்?"

"வரல," என்றார் கோயில்பிச்சை. கூடையை அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தார். "கூட்டத்துல எனக்கு எதிராத்தான் கை தூக்கினான்." இதை அவர் ஊருக்கே கேட்கிற குரலில், தம்பட்டம் அடித்துக்கொள்வது போலச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, போய் அவன் பக்கத்தில் நின்றார்.